தன்தேற்றம்: ‘தன்னம்பிக்கை’ சரிப்படாத இடத்துக்கு ஒரு சொல்

ஆட்டிவைக்கும் மதக்குழுக்களை விட்டு வெளியே வந்தவர்களுக்காகத் தமிழில் வரும் கட்டுரைகளில் எதை எடுத்தாலும் நாலாவது வரியில் "இழந்த தன்னம்பிக்கையை மீட்டெடுங்கள்" என்று வந்து நிற்கிறது. ஆங்கில மூலத்தில் இருப்பது செல்ஃப் கான்ஃபிடன்ஸ் அல்ல, செல்ஃப் டிரஸ்ட். முன்னது ‘என்னால் முடியும்’ என்ற துணிவு. பின்னது, நான் கண்டதும் உணர்ந்ததும் நினைவில் வைத்திருப்பதும் எடுத்த முடிவும் நம்பத்தக்கவை என்ற உறுதி.

குழுவில் இருந்தபோது ஆயிரம் பேர் முன்னால் தடுமாறாமல் பேசியவர், முன்பின் தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்டிப் பிரசங்கித்தவர், வெளியே வந்தபின் இரண்டு சட்டைகளில் எதை எடுப்பது என்று தெரியாமல் கடையில் அரைமணி நேரம் நிற்பார். அமெரிக்க உளவியலாளர் மார்கரெட் சிங்கர் 1979இலேயே இந்த முடிவெடுக்க முடியாத நிலையை எழுதிவிட்டார்: என்ன சாப்பிடுவது, எதை உடுப்பது, எப்போது தூங்குவது என்று எல்லாவற்றையும் குழுவே தீர்மானித்த இடத்தில், தீர்மானிக்கும் பழக்கமே கழன்றுபோகிறது. அந்த மனிதரிடம் போய்த் ‘தன்னம்பிக்கையை வளர்த்துக்கொள்ளுங்கள்’ என்றால் என்ன செய்வார்? அவரிடம் அது ஏற்கெனவே வேண்டிய அளவு இருக்கிறது.

சொல்லின் வேரைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ‘நம்பும் மேவும் நசையா கும்மே’ என்கிறது தொல்காப்பிய உரியியல். அதாவது நம்பு என்பதற்கு அங்கே விருப்பம் என்றே பொருள். தேற்றத்தின் வேரான ‘தேறு’ வேறு குடும்பம்: ஐயம் நீங்கித் துணிதல். ஏகாரத்தின் ஐந்து பொருள்களில் தொல்காப்பியர் முதலில் சொல்வது தேற்றத்தை. வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தில், ‘தேறற்க யாரையும் தேராது தேர்ந்தபின் தேறுக தேறும் பொருள்’ (509) என்கிறார். தேர்தல் ஆராய்வது, தேறுதல் நம்புவது. ஆராயாமல் யாரையும் நம்பாதே என்று சொல்ல வந்தவர் ‘நம்பற்க’ என்று எழுதவில்லை.

இப்போது ‘நம்பிக்கை’யின் மேல் உள்ள புகார். இந்த ஒரு சொல் தமிழில் ஐந்து வேலை பார்க்கிறது: மதநம்பிக்கை, கருத்தின்மேல் நம்பிக்கை, ஆளின்மேல் நம்பிக்கை, தன்மேல் துணிவு, நாளை நல்லது நடக்கும் என்ற எதிர்பார்ப்பு. பேச்சில் இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். ஆனால் மதத்தை விட்டவரைப் பற்றிய கட்டுரையில் ஐந்தும் ஒரே பத்தியில் மோதுகின்றன. ‘நம்பிக்கையை இழந்த பிறகும் நம்பிக்கை இழக்காமல் உங்கள்மேல் நம்பிக்கை வையுங்கள்’ என்பது போன்ற வாக்கியங்களை மொழிபெயர்ப்பாளர்கள் கூசாமல் எழுதுகிறார்கள். அதைச் சத்தமாக ஒருமுறை வாசித்துப் பார்த்திருந்தாலே போதும்.

குழப்பம்கூடப் பரவாயில்லை, பொறுத்துக்கொள்ளலாம். பெரிய சிக்கல், ‘நம்பிக்கை’ அந்தக் குழுவின் சொல்லாகவே இருப்பது. அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் ஜே லிஃப்டன் 1961இல் சிந்தனையைக் கைப்பற்றும் சூழலுக்கு எட்டு அடையாளங்களைச் சொன்னார். அதில் ஒன்று, சாதாரணச் சொற்களில் குழு தன் பொருளை ஏற்றிவைப்பது. வருடக்கணக்கில் ‘உனக்கு நம்பிக்கை போதவில்லை’, ‘கேள்வி கேட்பது அவநம்பிக்கை’ என்று அடி வாங்கியவருக்கு, வெளியே வந்த இடத்திலும் ‘உனக்குத் தன்னம்பிக்கை போதவில்லை’ என்று மருந்துச் சீட்டு எழுதித் தருகிறோம். குற்றச்சாட்டு அதேதான், முன்னால் ஒரு ‘தன்’ மட்டும் சேர்ந்திருக்கிறது.

‘சுயநம்பிக்கை’ என்று மாற்றுவோரும் உண்டு. அது தனித்தமிழ்க்காரரையும் திருப்திப்படுத்தாது, பொருளையும் திருத்தாது. ‘தற்சார்பு’ என்பது பிறர் உதவி இல்லாமல் வாழ்வது. வெளியேறியவர்களுக்கு உதவி கேட்கத் தெரிவதே முதல் பாடம் என்பதால் அது எதிர்த்திசையில் இழுக்கும். ‘தன்மீட்பு’ என்று ஒருவர் எழுதுகிறார். மீட்பு, அதாவது இரட்சிப்பு, என்ற சொல்லைக் கேட்டாலே உடம்பு விறைத்துப்போகும் வாசகரிடம்!

‘தன்தேற்றம்’ எழுதலாம். இலக்கணப்படி தற்றேற்றம் என்று புணர்த்த வேண்டும் என்பார்கள். சரிதான், ஆனால் அதைப் பிரித்துப் படிக்க வாசகர் திணறுவார். தேற்றம் கணக்குப் பாடத்தில் வரும் சொல்லாயிற்றே என்பதும் ஒரு ஆட்சேபம். நிறுவிக் காட்டிய பிறகே ஏற்கப்படுவது கணிதத் தேற்றம். இங்கே வேண்டிய பொருளும் அதுதான். தேறு இன்னொரு வேலையும் செய்கிறது: ‘நோயாளி தேறிவிட்டார்’ என்கிறோமே, உடல்நலம் திரும்புவதற்கும் அதே வினை. மூலத்தில் இரண்டு சொல் தேவைப்படும் இடத்தில் நமக்கு ஒன்றே போதும்.

சொல் சரியாக இருந்தால் செய்முறையும் சரியாக வரும் என்பதுதான் இவ்வளவு சண்டைக்கும் காரணம். தன்னம்பிக்கை என்று படித்தவர் கண்ணாடி முன் நின்று ‘நான் சிறந்தவன்’ என்று சொல்லத் தொடங்குகிறார். சொல்லிச் சொல்லி நம்பவைப்பது குழுவின் உத்தி. தேற்றம் என்றால் தேர்ந்து பார்க்க வேண்டும். அதற்கு ஒரு நோட்டுப்புத்தகம் போதும். திருப்பிக்கொள்ளக்கூடிய சிறிய முடிவு ஒன்றை எடுங்கள்: எந்த வழியில் நடப்பது, எந்த அழைப்பை மறுப்பது. தெரிவுகள் இரண்டுக்கு மேல் வேண்டாம், பத்து நிமிடத்துக்கு மேல் யோசிக்கவும் வேண்டாம். முடிவுக்கு முன்பே மூன்று வரி எழுதுங்கள்: எனக்கு என்ன வேண்டும், என்ன நடக்கும் என்று நினைக்கிறேன், உடம்பில் என்ன தெரிகிறது. வயிறு இறுகுகிறதா, மூச்சு சீராக இருக்கிறதா என்பதுதான் அந்த மூன்றாவது வரி. ஒரு வாரம் கழித்து, நடந்ததைப் பக்கத்தில் எழுதுங்கள். தவறிப்போன கணிப்பை அடிக்கக் கூடாது. எங்கே சரியாகக் கணிக்கிறோம், எங்கே சறுக்குகிறோம் என்று தெரிவதற்காகத்தான் இந்தப் பயிற்சி. திருமணம், சொத்து விற்பனை, பெரிய கடன், புதிதாக இன்னொரு குழுவில் சேர்வது போன்றவற்றைத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுவது நல்லது.

இந்தப் பயிற்சி பெரும்பாலும் கெடுவது குற்றவுணர்வில். சரியான முடிவு எடுத்த மறுநிமிடமே அது கிளம்பும். உடனே முடிவை மாற்றினால் குற்றவுணர்வுதான் நீதிபதி என்று மனம் மறுபடி படித்துக்கொள்ளும். ஒருநாள் கழித்துப் பார்ப்பது நல்லது. பயிற்றுவிக்கப்பட்ட பயம் பெரும்பாலும் குழுவின் வாக்கியத்தோடும் ஒரு தண்டனையோடும் வரும். ‘இந்த இடம் எனக்குச் சரிப்படவில்லை’ என்ற சொந்த எச்சரிக்கையில் மிரட்டல் இருக்காது. இன்னொரு கோளாறு, ஐந்து பேரிடம் கேட்பது, அல்லது வேதப் புத்தகத்தைக் கண்மூடித் திறந்து குறி பார்ப்பது. கேட்கலாம், சொந்த மூன்று வரியை எழுதிய பிறகு. ஆலோசகரையே புதுக் குருவாக்கிக்கொள்வதும் நடக்கிறது. முடிவை அவரே எடுத்துத் தருகிறார் என்றால் அவரை மாற்றுங்கள். தூக்கம் கெடுவது, பழைய காட்சிகள் பிடித்துக்கொள்வது, சாக வேண்டும் என்று தோன்றுவது இவற்றுக்கு நோட்டுப்புத்தகம் போதாது, மனநல மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

வள்ளுவரின் அடுத்த குறள் (510) இரண்டு கோளாறுகளையும் சேர்த்தே சொல்கிறது: ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் சந்தேகப்படுவதும் தீராத துன்பம். வெளியேறியவர்கள் ஒன்றிலிருந்து தப்பி மற்றொன்றில் போய் விழுவதைப் பார்த்தவர்களுக்கு இது உரை இல்லாமலே புரியும்.

‘ஹை கண்ட்ரோல் குரூப்’ என்பதற்கு எழுதப்படும் ‘உயர் கட்டுப்பாட்டுக் குழு’வையும் சொல்லாமல் விட முடியாது. அதைப் படித்தால் ஏதோ அரசு நியமித்த உயர்மட்டக் குழு என்று தோன்றுகிறது. அதோடு, தமிழில் கட்டுப்பாடு பாராட்டுச் சொல். ‘கட்டுப்பாடான பிள்ளை’ என்று யாரையும் திட்டுவதில்லை. ஆட்டிவைக்கும் குழு, அடக்கியாளும் குழு என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? ‘குணமாகுதல்’ என்று போடுவோருக்கும் ஒரு வார்த்தை: மேடையில் தலையில் கைவைத்ததும் நிகழ்வதாகச் சொல்லப்படுவதற்கு அந்தச் சொல்லைக் குழுக்கள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டன. மெல்ல மெல்ல நடப்பதற்குத் தேறுதல் இருக்கிறது. புதுச்சொல்லே வேண்டாம் என்பவர்கள் ‘தன்னைத் தானே தேறுதல்’ என்று வினையாகவே எழுதலாம். அதுவும் கூச்சமாக இருந்தால் ‘தன் கணிப்பை நம்புதல்’. தன்னம்பிக்கையை மேடைப் பேச்சுப் பயிற்சிக்காரர்களுக்கு விட்டுவிடுவோம்.