ஒயர் கூடையும் ஓய்ந்த மனமும்

ஒயர் கூடை பின்னுவதில் முதல் முடிச்சுதான் சள்ளை. இரண்டு ஒயர்களை நடுவில் மடித்து, ஒன்றின் வளையத்துக்குள் மற்றதை நுழைத்து, நான்கு முனைகளையும் இழுத்தால் விரல்நுனி அளவில் ஒரு சதுரம் விழ வேண்டும். முதல் முறை விழாது. ஒயர் வழுக்கும், முடிச்சு கோணிக்கொள்ளும். பிரித்துவிட்டு மறுபடி போட வேண்டியதுதான். சரியாக விழுந்துவிட்டாலோ, கண்ணுக்கு முன்பே கட்டைவிரலுக்குத் தெரிந்துவிடும். மனச்சோர்வில் கிடப்பவருக்கு இந்தச் சின்னச் சதுரம் ஏன் உதவக்கூடும்? ‘மனசுக்கு ஒரு மாறுதல்’ என்பதைவிடத் துல்லியமான விடை இருக்கிறது.

மனச்சோர்வு என்றதும் அழுகையைத்தான் நினைக்கிறோம். எதிலும் ருசி அற்றுப்போவதும் அதே அளவுக்கு முதன்மையான அறிகுறி. பிடித்த குழம்பு சப்பென்று இருக்கும். தோழி அழைத்தால் போனை எடுக்கத் தோன்றாது. எடுக்காததால் பேச்சில்லை, அன்றைக்கு நடந்திருக்கக்கூடிய ஒரே நல்ல விஷயமும் போயிற்று. மறுநாள் உலகம் இன்னும் கொஞ்சம் சுருங்கும். அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லெவின்சன் 1970-களில் இந்தச் சுழலைத்தான் நோயின் அச்சாகப் பார்த்தார். அந்தப் பார்வையில் வளர்ந்ததுதான் செயலூக்கச் சிகிச்சை. ‘மனசு சரியானதும் ஏதாவது செய்’ என்று வீட்டில் சொல்வோம். இந்தச் சிகிச்சை அதைத் தலைகீழாக்குகிறது: சின்னதாக ஒன்றை நேரம் குறித்துச் செய், மனம் பின்னால் வரட்டும்.

கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனச்சோர்வுள்ள 495 பேரை வைத்து மனநல மருத்துவர் விக்ரம் படேல் குழுவினர் இதைச் சோதித்தார்கள். முடிவுகள் 2017-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தன. ஆலோசனை தந்தவர்கள் மருத்துவர்கள் அல்லர், பயிற்சி பெற்ற சாதாரண மக்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதத்தினர் மூன்று மாதத்தில் தேறியிருந்தனர். கூடவே இந்த ஆலோசனையும் பெற்றவர்களில் 64 சதவீதத்தினர். இது கைவினைக்கென நடந்த சோதனை அல்ல. ஆனால் கைவினை இந்த வழிமுறைக்கு அச்சு வார்த்ததுபோலப் பொருந்துகிறது.

காரணம் டோபமின் என்ற மூளை ரசாயனம். இதை ‘இன்ப ரசாயனம்’ என்று எழுதுவது எங்கள் பத்திரிகைக்காரர்களின் பழைய பழக்கம். பாதிக்கு மேல் தவறு. நரம்பியல் விஞ்ஞானி வுல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்துப் பார்த்தார். எதிர்பாராமல் சாறு கிடைத்தபோது டோபமின் செல்கள் துடித்தன. பழகியபின் சாற்றுக்கு அசையவில்லை. அதற்கு முன் வரும் சமிக்ஞைக்கே துடித்தன. வரவேண்டிய சாறு வராதபோது அடங்கிப்போயின. எதிர்பார்த்தது எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு என்று எழுதிவைக்கும் கணக்குப்பிள்ளை அது. மனச்சோர்வில் இந்தக் கணக்கு மங்குவதை மூளைப் படங்களைக் கொண்ட ஆய்வுகள் பல காட்டியிருக்கின்றன. இனிச் சொல்வது என் ஊகம்: ‘எதுவும் தேறாது’ என்றே எழுதிவைத்த பேரேட்டில், இறுகி விழும் ஒரு முடிச்சு எதிர்பாராத வரவு. வேலை தேடுவதன் பலன் தெரிய மாதங்கள் ஆகும். முடிச்சின் பலன் அரை நிமிடத்தில் கையில் இருக்கிறது.

கையை எண்ணிக்கையோடு சேர்த்து ஓட்டும்போது, பழைய பேச்சையே அசைபோடும் மனத்துக்கு இடம் குறைகிறது என்பதும் உண்டு. தொலைக்காட்சி அந்த இடத்தை அடைப்பதில்லை, பார்த்துக்கொண்டே அசைபோடலாம்.

2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கம்பளி பின்னுபவர்களைக் கேட்டார்கள். அடிக்கடி பின்னுபவர்கள் அதிக அமைதியை உணர்வதாகச் சொன்னார்கள். மனம் தெளிவாக இருப்பவர்கள்தான் அதிகம் பின்னுகிறார்களோ என்னவோ. கேள்வித்தாளால் அதைப் பிரித்துச் சொல்ல முடியாது. கைவினையை மருந்தாக விற்பவர்களிடம் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். படுக்கையைவிட்டு எழ முடியாதவருக்கும், உயிரை விடும் எண்ணம் வருபவருக்கும் தேவை மருத்துவர். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) தமிழிலேயே பேசலாம்.

முதல் நாளே சிவன் கண் போன்ற சிக்கலான பின்னலில் இறங்குவது வினை. அது சிக்கினால் ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற கணக்குக்கு இன்னொரு சாட்சி சேரும். உள்ளங்கை அளவு பர்ஸ் போதும், நாளைக்கு ஒரு வரிசை போதும். வீட்டிலிருப்பவர்கள் ‘எவ்வளவு முடிந்தது?’ என்று கேட்காமல் இருப்பது பெரிய உதவி. அதைவிடப் பெரியது ஒன்று உண்டு. ஒயரை அளந்து வெட்டுவதுதான் சோர்ந்தவருக்கு மலைப்பான வேலை. அதைச் செய்து, முதல் முடிச்சையும் போட்டு, கை எட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் போகலாம்.