வக்கீலைச் சிறைக்கு அனுப்பிய நீதிபதி பெக்

"தீர்ப்பு தப்புன்னு ஃபேஸ்புக்ல எழுதலாமா சார்?" வழக்கில் தோற்ற கட்சிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அவர்களுக்கு நான் சொல்வது ஓர் அமெரிக்க நீதிபதியின் கதை.

மிசௌரி 1821இல் மாநிலமானது. மறு ஆண்டே அங்குள்ள ஃபெடரல் (அதாவது மத்திய அரசின்) மாவட்ட நீதிமன்றத்தின் முதல் நீதிபதியாக ஜேம்ஸ் ஹாக்கின்ஸ் பெக்கை அதிபர் மன்றோ நியமித்தார். இப்படி ஒரு நீதிபதியை நியமிக்க, அவர் பெயரை அதிபர் முன்மொழிய வேண்டும், நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் ஒப்புதல் தர வேண்டும். பதவியில் அமர்ந்துவிட்டால் ஓய்வு வயது கிடையாது. நாடாளுமன்றம் குற்றம் சாட்டி விசாரித்தால் ஒழிய அவரை அகற்ற முடியாது.

ஸ்பெயின் ஆட்சிக் காலத்தில் தரப்பட்ட நில மானியங்கள் செல்லுமா என்பதுதான் அப்போது அங்கே பெரிய தகராறு. சூலார்ட் என்பவரின் வாரிசுகள் தொடுத்த வழக்கைத் தள்ளுபடி செய்த பெக், 1826 மார்ச்சில் தன் தீர்ப்பைப் பத்திரிகையிலும் வெளியிட்டார். வாரிசுகளின் வக்கீல் லூக் லாலெஸ் சும்மா இருக்கவில்லை. 'ஒரு குடிமகன்' என்ற பெயரில், தீர்ப்பில் உள்ள 18 பிழைகளை வரிசையாக எழுதி வேறொரு பத்திரிகைக்குக் கொடுத்தார். அதில் வசை இல்லை. நீதிபதி இன்னின்னதைத் தவறாகக் கருதியிருக்கிறார் என்ற பட்டியல் மட்டுமே. பெக் முதலில் பத்திரிகைக்காரரைக் கூப்பிட்டார். எழுதியவர் யார் என்று தெரிந்ததும் நீதிமன்ற அவமதிப்பு என்று சொல்லி லாலெஸுக்கு 24 மணி நேரச் சிறையும், அந்த நீதிமன்றத்தில் வாதாட 18 மாதத் தடையும் விதித்தார். ஒரு வக்கீலுக்குச் சிறையைவிட அந்தத் தடைதான் பேரிடி. ஒன்றரை ஆண்டு பிழைப்பே போய்விடுகிறது.

லாலெஸ் விடவில்லை. அவர் தொடர்ந்து கொடுத்த புகாரின் பேரில் 1830இல் நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபை பெக் மீது குற்றம் சாட்டியது. பின்னாளில் அதிபரான ஜேம்ஸ் புக்கானன் குற்றச்சாட்டை எடுத்து நடத்தினார். 1831 ஜனவரி 31 அன்று செனட்டில் குற்றவாளி என்று 21 பேர், இல்லை என்று 22 பேர் வாக்களித்தார்கள். பெக் தப்பினார். ஃபெடரல் நீதிமன்றங்களை அமைத்த 1789ஆம் ஆண்டுச் சட்டம் அவமதிப்பு எது என்பதற்கு எல்லை வகுக்காமல் விட்டிருந்தது அவருக்குக் கைகொடுத்தது. நாடாளுமன்றம் உடனே சுதாரித்தது. மார்ச் 2 அன்றே புதுச் சட்டம் வந்தது: நீதிமன்றத்தின் முன்னிலையிலோ, நீதி நடப்பதைத் தடுக்கும் அளவு அருகிலோ நடந்துகொள்ளும் முறைகேடு, உத்தரவுக்குக் கீழ்ப்படியாமை போன்றவற்றுக்கு மட்டுமே ஃபெடரல் நீதிபதி தண்டனை தரலாம். 1836இல் உச்ச நீதிமன்றம் சூலார்ட் வழக்கில் பெக்கின் தீர்ப்பையும் ரத்து செய்தது. அதே ஆண்டில் பெக் காலமானார், பதவியில் இருந்தபடியே.

அந்தப் பாதுகாப்பு அமெரிக்காவுக்கு. நம்முடைய 1971ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் இன்னும் கடுமையானது. நீதிமன்றத்தின் பெயரைக் கெடுக்கும் எழுத்தும் இங்கே குற்றம்தான். ஆனால் விசாரித்து இறுதியாக முடிந்த வழக்கின் தீர்ப்பை நியாயமாக விமர்சிப்பது குற்றமல்ல என்று 5ஆம் பிரிவு சொல்கிறது. 'இறுதியாக' என்ற இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். மேல்முறையீடு நிலுவையில் இருந்தாலோ, அதற்கான கெடு முடியாமல் இருந்தாலோ வழக்கு இன்னும் நடப்பதாகவே சட்டம் கருதும். ஆகவே பதிவு போடும் முன் அந்தத் தேதியை உங்கள் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எழுதும்போது லாலெஸைப் போலத் தீர்ப்பில் எந்த இடம் தவறு, ஏன் தவறு என்று மட்டும் எழுதுங்கள். நீதிபதி காசு வாங்கினார், சாதி பார்த்தார் என்று ஒரு வரி சேர்த்தால் 5ஆம் பிரிவு உங்களைக் காப்பாற்றாது.