மணி பார்த்துப் பால் கொடுக்கலாமா?

கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஒரே நாளில் இரண்டு யோசனைகள் வந்து சேரும். "மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா குடு, பழகிடும்" என்பார் ஒருவர். "அழுறப்பல்லாம் குடும்மா" என்பார் அடுத்தவர். கடிகாரக் கட்சியின் பழைய தலைவர் ட்ரூபி கிங் என்ற நியூசிலாந்து மருத்துவர். 1907-இல் அவர் தொடங்கிய பிளங்கெட் சங்கம், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பால், இரவில் கிடையாது என்று தாய்மாருக்குச் சொல்லிக்கொடுத்தது. அந்தப் பழக்கம் பிரிட்டன் வரை போயிற்று.

அளந்து பார்த்தபோது கதை வேறாக இருந்தது. மேற்கு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் 71 குழந்தைகளை ஒவ்வொரு முறை குடிப்பதற்கு முன்னும் பின்னும் எடை போட்டார்கள். 24 மணி நேரத்தில் 6 தடவை குடித்த குழந்தையும் உண்டு, 18 தடவை குடித்த குழந்தையும் உண்டு. மொத்தப் பால் 478 கிராமிலிருந்து 1,356 கிராம் வரை. எத்தனை தடவை குடித்தது என்பதற்கும் மொத்த அளவுக்கும் தொடர்பே தெரியவில்லை.

இதற்கு ஒரு முக்கியக் காரணம் தாயின் உடம்பில் இருக்கிறது. மார்பில் பால் தேங்கும் கொள்ளளவு ஆளுக்கு ஆள் மாறும். வெளியே தெரியும் அளவை வைத்து அதை ஊகிக்க முடியாது. மார்பு நிறைந்தால் சுரப்பு மட்டுப்படும், காலியானால் வேகமெடுக்கும். கொள்ளளவு குறைந்த தாய் இடைவெளியை வலிந்து நீட்டினால், நாளடைவில் பால் சுரப்பே குறையக்கூடும். பக்கத்து வீட்டு அட்டவணை ஒத்துவராமல் போவது இதனால்தான்.

பாலைப் போலவே குழந்தையின் தூக்கமும் கடிகாரத்துக்குக் கட்டுப்படாது. தூக்கத்தை நடத்துபவை இரண்டு விசைகள் என்று 1982-இல் விளக்கினார் சுவிட்சர்லாந்தின் அலெக்சாண்டர் போர்பெலி. விழித்திருக்க விழித்திருக்க ஏறும் தூக்க அழுத்தம் ஒன்று. இரவு பகல் அறியும் உடல் கடிகாரம் மற்றொன்று. கைக்குழந்தைக்கு முதலாவது மிக வேகமாக ஏறும். பிறந்த சில வாரங்களில் ஒரு மணி நேரம் விழித்திருப்பதே அதற்கு அதிகம். இரண்டாவது பிறக்கும்போது தயாராகவே இல்லை. தூக்கத்துக்கு உதவும் ஹார்மோனான மெலடோனின் சுரப்பில் இரவு பகல் வித்தியாசம் தெரிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். அதுவரை இரவுத் தாய்ப்பாலில் உள்ள மெலடோனின் கொஞ்சம் உதவக்கூடும். பகலில் வெளிச்சமும் பேச்சும், இரவில் மங்கிய விளக்கும் இருந்தால் உடல் கடிகாரத்துக்கு நல்லது.

தொட்டிலுக்குள் எட்டிப் பாருங்கள். மூடிய இமைக்குள் விழி உருளும், உதடு சப்பும், கை உதறும், மெல்ல ஒரு முனகல். பசி என்று நினைத்துத் தூக்கிவிடுவோம். உண்மையில் அது இயங்கு தூக்கம். பிறந்த குழந்தையின் தூக்கத்தில் ஏறக்குறையப் பாதி இப்படித்தான் கழியும். ஒரு தூக்கச் சுற்று 50, 60 நிமிடம்தான் என்பதால் குட்டித் தூக்கம் சட்டென்று முடிவதும் இயல்பு. ஓரிரு நிமிடம் பொறுத்தால் சில சமயம் மறுபடி அடங்கிவிடும். தலையைத் திருப்பி வாயால் தேடுவதும் கையை வாய்க்குக் கொண்டுபோவதும் விழித்த பிறகும் தொடர்ந்தால் அது பசி. அழுகை வரை காத்திருக்க வேண்டாம்; அது கடைசி அறிகுறி.

பசியும் தூக்கமும் ஒன்றையொன்று இழுக்கும். அரை மணியில் எழுந்த குழந்தை களைப்போடு இரண்டு வாய் குடித்துவிட்டு அப்படியே கண்ணயரும். வயிறு நிறையாததால் சீக்கிரம் மறுபடி எழும். இங்கே அட்டவணையைக் கட்டி இழுப்பதைவிட, அடுத்த தூக்கத்துக்குச் சீக்கிரமே படுக்கவைப்பது மேல். நான்கு மாதம் தாண்டிய குழந்தைக்குக் காலையில் எழும் நேரத்தையும் இரவுப் படுக்கை நேரத்தையும் ஓரளவு நிலையாக வைத்துக்கொண்டால் போதும். நடுவில் எழுதல், பால், விளையாட்டு, தூக்கம் என்ற வரிசை இருக்கட்டும். மணி முன்னே பின்னே போகட்டும்.

"பால் குடித்தபடி தூங்கவிடாதே" என்ற விதியை முதல் வாரங்களில் நான் நம்புவதில்லை. சப்பும்போது குழந்தையின் குடலில் சுரக்கும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் அதற்குத் தூக்கத்தை வரவழைக்கிறது. அதை எதிர்த்துப் போராடி என்ன பயன்?

கடிகாரம் கட்டாயம் தேவைப்படும் இடமும் உண்டு. குறைமாதக் குழந்தை, மஞ்சள் காமாலை உள்ள குழந்தை, பிறந்தபோது இருந்த எடையை இன்னும் திரும்ப எட்டாத குழந்தை ஆகியவை பசித்தாலும் கேட்காமல் தூங்கிக்கொண்டே இருக்கலாம். இவர்களை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பித்தான் கொடுக்க வேண்டும். முதல் வாரம் முடிந்த பிறகு ஒரு நாளில் ஆறு தடவைக்குக் குறைவாகச் சிறுநீர் போனால், அட்டவணையை விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள்.