தச்சு மேசை நகராமல் நிற்பது எப்படி?

கைக்கருவிகளால் மரவேலை பழக ஆசைப்படுகிறவர்கள் முதலில் வாங்குவது ஓர் இழைப்புளி, நாலைந்து உளி, அவற்றைத் தீட்ட ஒரு கல். பிறகு சாப்பாட்டு மேசைமேல் பலகையை வைத்து இழைக்கத் தொடங்குவார்கள். பலகை வழுக்கும். சி-கிளாம்ப் போட்டு இறுக்கினால் மேசையே நகரும். மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் கால்கள் ஆடும். சரி, தீட்டியது போதவில்லை போலிருக்கிறது என்று மறுபடி கல்லை எடுப்பார்கள். பெரும்பாலும் குறை இழைப்புளியில் இருக்காது. அதைத் தள்ளும் விசை எங்கே போய்ச் சேருகிறது என்பதுதான் இங்கே கேள்வி.

நம் ஊர்த் தச்சர்கள் தரையில் உட்கார்ந்து, பலகையைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு வேலை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே தரைதான் மேசை. ஆட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நின்றுகொண்டு, உடம்பின் முழு வலுவோடு இழைக்க வேண்டுமென்றால், தரையின் அந்த அசையாத்தன்மையை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். தச்சு மேசை செய்யும் வேலை இதுதான்.

இதைச் சிறப்பாகச் செய்யும் மேசை ஒன்று 18-ஆம் நூற்றாண்டு பாரிஸில் இருந்தது. ஆந்த்ரே ஜாகோப் ரூபோ (1739–1791) என்ற தச்சர், தன் தொழிலை முழுவதுமாக எழுதியும் வரைந்தும் வைத்தார். 1769 முதல் சில ஆண்டுகளில் பல பாகங்களாக அது வெளிவந்தது. அதில் அவர் காட்டும் மேசையின் மேல்பலகை ஒரே மரத்துண்டு. எல்ம் அல்லது பீச் மரம், கனம் 5 முதல் 6 அங்குலம். ஓக் மரக் கால்கள், கீழே அவற்றைச் சேர்க்கும் சட்டங்கள். வேறு அலங்காரம் எதுவும் இல்லை. இன்று உலகெங்கும் பொழுதுபோக்குத் தச்சர்கள் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கும் மேசை இது. 5 அங்குலம் என்பது பழைய காலத்து ஆடம்பரமோ என்று தோன்றலாம். கணக்குப் போட்டால் காரணம் தெரியும்.

முதலில் எடை. கடினமான மரத்தில் அழுத்தி இழைக்கும்போது கிடைமட்டமாக 15 கிலோ அளவுக்குத் தள்ளுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மேசை நகராமல் தடுப்பது தரையோடு அதன் கால்களுக்கு உள்ள உராய்வு. உராய்வுக் கெழு, அதாவது எடையில் எத்தனை பங்கு உராய்வாகத் தடுக்கும் என்ற எண், 0.3 என்றால், 25 கிலோ எடையுள்ள சாதாரண மேசை தாங்குவது ஏழரைக் கிலோ தள்ளலைத்தான். நாம் கீழ்நோக்கி அழுத்துவது கொஞ்சம் உதவும், ஆனால் போதாது. எட்டடி நீளம், 22 அங்குல அகலம், 5 அங்குலக் கனத்தில் ஒரு மேல்பலகை மட்டும் தேக்கில் ஏறக்குறைய 110 கிலோ வரும். கால்களையும் சட்டங்களையும் சேர்த்தால் 150 கிலோ. இப்போது 45 கிலோ தள்ளினாலும் அது அசையாது.

அடுத்தது வளைவு. இழைப்புளி எடுக்கும் நல்ல சீவலின் கனம் 0.05 மில்லிமீட்டர் சுமார். மேசைப் பலகை அழுத்தத்தில் அதைவிட அதிகமாகத் தொய்ந்தால், மேலே கிடக்கும் மரமும் சேர்ந்து தொயும். உளி நடுவில் குறைவாகவும் ஓரங்களில் அதிகமாகவும் வெட்டும். பலகையின் நடுப்பகுதி மேடாகவே நிற்கும், என்ன செய்தாலும் சமம் ஆகாது. ஒன்றரை மீட்டர் இடைவெளியில் நிற்கும் கால்கள்மேல் அரை மீட்டர் அகலப் பலகை ஒன்று கிடக்கிறது. அதன் நடுவில் 20 கிலோ அழுத்தினால், ஓர் அங்குலப் பலகை 2 மில்லிமீட்டர் தொயும். அதாவது 40 சீவல் கனம்! விறைப்பு, கனத்தின் மும்மடியாக ஏறும் என்பதால் கனத்தை இரட்டித்தால் தொய்வு எட்டில் ஒரு பங்காகிவிடும். 5 அங்குலம் ஆக்கினால் 125-இல் ஒரு பங்கு, அதாவது 0.02 மில்லிமீட்டருக்கும் கீழே. ரூபோ காலத்துத் தச்சர்கள் இந்தச் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டியதில்லை, இழைத்த பலகையே அவர்களுக்குச் சொல்லியிருக்கும்.

மூன்றாவது, கால் ஆட்டம். மேசையின் உச்சியில் தள்ளும் விசை 80 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. காலும் சட்டமும் சேரும் மூட்டின் உயரம் 8 சென்டிமீட்டர்தான் என்றால், நெம்புகோல் கணக்கில் அந்த விசை 10 மடங்காகப் பெருகும். 15 கிலோ தள்ளலுக்கு எல்லா மூட்டுகளும் சேர்ந்து 150 கிலோ தாங்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு தள்ளலுக்கும் முன்னும் பின்னுமாக. ஆணியும் திருகும் இதில் சீக்கிரம் தளர்ந்துபோகும். கனமான மேல்பலகைக்குள் காலின் கழுந்தை (மூட்டுக்காகச் செதுக்கிய நுனியை) முழு ஆழத்துக்கு ஏற்றினால் மூட்டின் உயரமே 13 சென்டிமீட்டர் ஆகிறது. கீழே அகலச் சட்டமும் சேரும்போது சுமை பகிர்ந்துபோய்விடும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இவ்வளவு உறுதியான மேசைமேல் மரத்தை எப்படிப் பிடித்து வைப்பது? ஆங்கிலத்தில் ஹோல்ட்ஃபாஸ்ட் என்று சொல்லப்படும் ஓர் இரும்புக் கொக்கி போதும். தலைகீழ் ‘ட’ மாதிரி வளைந்த கம்பி. மேசையில் ஒரு துளை, அதில் கம்பியின் தண்டு தொளதொளவென்று இறங்கும். கொக்கியின் நுனி மரத்துண்டின்மேல் உட்காரும்படி வைத்துக் கொட்டாப்புளியால் தலையில் ஒரு தட்டு. இறுகிவிடும், ஒரு ஆள் இழுத்தாலும் வராது. எடுக்க வேண்டுமா, தண்டின் பின்பக்கம் ஒரு தட்டு. திருகு இல்லை, ஸ்பிரிங் இல்லை, எந்த ஓட்டமும் இல்லை.

இழுப்பறையை ஒரு மூலையில் மட்டும் பிடித்து இழுத்தால் அது சாய்ந்து சிக்கிக்கொள்ளும் அல்லவா? இங்கும் அதேதான் நடக்கிறது. நாம் தட்டும்போது கம்பி கொஞ்சம் வளைந்து, நுனி மரத்தை அழுத்துகிறது. மரம் கொக்கியைத் திரும்ப மேலே தள்ளுகிறது. தண்டு துளைக்குள் சாய்ந்து, மேல் விளிம்பில் ஒரு பக்கமும் கீழ் விளிம்பில் எதிர்ப்பக்கமும் குத்தி நிற்கும். அந்த இரண்டு இடத்து உராய்வுதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. மேல்நோக்கிய விசை கூடினால் சாய்வும் கூடும், குத்தலும் கூடும், உராய்வும் கூடும். அதனால்தான் பலமாக இழுத்தாலும் அது வழுக்குவதில்லை.

எந்த இடத்தில் இது தோற்கும்? கொக்கியின் கை நீளத்தையும் துளையின் ஆழத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பு விசையைச் சமன்செய்து பார்த்தால் ஓர் எளிய விதி கிடைக்கும்: உராய்வுக் கெழு, துளை ஆழத்தைக் கை நீளத்தின் இருமடங்கால் வகுத்து வரும் எண்ணைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். 20 சென்டிமீட்டர் கையும் 9 சென்டிமீட்டர் ஆழமும் என்றால் தேவை சுமார் 0.23. இரும்புக்கும் மரத்துக்கும் இடையே இது எளிதாகக் கிடைக்கும். ஆழம் 13 சென்டிமீட்டரானால் தேவை 0.33 ஆகிவிடுகிறது, பளபளப்பான கம்பி அப்போது வழுக்கத் தொடங்கும். ஆக, வளைவைக் குறைக்கப் பலகையைக் கனமாக்கினால் பிடி குறையும். இதற்கு வழி, துளையின் அடிப்பகுதியைக் கீழிருந்து அகலமாகத் துளைத்து, பிடிக்கும் ஆழத்தை 8 சென்டிமீட்டராகக் குறைப்பது. அப்படியும் வழுக்கினால் தண்டைக் குறுக்காக எமரித் தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள், எண்ணெய் பட்டிருந்தால் துடைத்துவிடுங்கள்.

இழைக்கும்போது பலகையை நிறுத்தக் கொக்கிகூடத் தேவையில்லை. மேசையின் இடது ஓரத்தில் மேலும் கீழும் நகரும் ஒரு சதுரக் கட்டை, அதன் தலையில் பல்லுள்ள இரும்புத் துண்டு, அவ்வளவுதான். பலகை அதில் முட்டி நிற்கும். நாம் தள்ளும் திசையும் அது தடுக்கும் திசையும் ஒன்றே என்பதால் வேறு பிடி தேவைப்படாது. ஒருபக்கம் முடித்துத் திருப்பிப் போட ஒரு நொடி. இந்த வேகம், திருகி இறுக்கும் பிடிப்புக் கருவியான வைஸில் கிடைக்காது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் வைஸுக்குப் பணம் சேர்ப்பதற்கு முன்னால் முட்டுக்கட்டையும் இரண்டு கொக்கியும் வைத்து ஒரு வருடம் வேலை செய்து பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வாங்கவே வேண்டாம் என்றும் பலர் முடிவு செய்வார்கள்.

மரம் எது? ஐந்தங்குலத் தேக்கு வாங்க நம்மில் பலருக்குக் கட்டாது. மா, வேம்பு போதும். பழைய வீடு இடிக்கும் இடங்களில் கிடைக்கும் உத்திரங்கள் இன்னும் நல்லது, பல பத்தாண்டு உலர்ந்தவை. ஆணி மட்டும் பார்த்துப் பிடுங்க வேண்டும். இரண்டு உத்திரத்தைப் பக்கவாட்டில் பசை போட்டு ஒட்டினால் 9, 10 சென்டிமீட்டர் கனத்தில் நல்ல மேல்பலகை கிடைத்துவிடும். ஒன்றரை மீட்டர் இடைவெளிக்கு அது 0.05 மில்லிமீட்டருக்குள்தான் தொயும், கொக்கியும் நன்றாகப் பிடிக்கும்.

அப்புறம் ஈரப்பதம். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதே இல்லை, குறுக்கில் மாறும். பச்சையிலிருந்து முழுக்க உலரும்வரை தேக்கு, ஆண்டு வளையத்தின் போக்கில் 6 சதவீதம் சுருங்கும், பீச் ஏறக்குறைய 12. மழைக்கும் கோடைக்கும் இடையே மரத்தின் ஈரம் 4 சதவீதம் மாறினால், 55 சென்டிமீட்டர் அகலத் தேக்குப் பலகை 4 மில்லிமீட்டர் வரை விரிந்து சுருங்கும். மேல்பலகையைக் குறுக்காக இரும்புச் சட்டம் போட்டு இறுக்கினால் அது வெடிக்கும். கால்களுக்குக் குறுக்கே போகும் கீழ்ச்சட்டம் நீளம் மாறாது, மேலே பலகை மாறும், அதனால் கால்கள் ஒரு நூல் அளவு சாய்ந்து நிமிரும். அதைத் தடுக்கப் பார்க்காதீர்கள்.

முதல் மழைக்காலம் போனதும் மேல்பலகையைக் குறுக்காக ஒருமுறை இழைத்துச் சமமாக்குங்கள். வார்னிஷ் வேண்டாம், பாலிஷும் வேண்டாம். மேசைமேல் வைக்கும் மரம் வழுக்காமலிருக்க அந்தச் சொரசொரப்பு தேவை.