'அப்பாடா' என்று மூடிவைக்கும் அந்த நிமிடம்

"மூட் வரட்டும் மேடம், உட்கார்ந்துடுவேன்." மனநல ஆலோசகராக என் அறையில் நான் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. எழுதுகிறவர்கள், வரைகிறவர்கள், இசையமைக்க ஆசைப்படுகிறவர்கள், படத்துக்குக் கதை வைத்திருப்பவர்கள் என்று பலரும் வருகிறார்கள். எழுத முடியவில்லை, வரைய முடியவில்லை என்று சொல்லிக்கொண்டு யாரும் வருவதில்லை. தூக்கம் சரியில்லை, எதற்கெடுத்தாலும் எரிச்சல் வருகிறது, வேலையில் மனசு நிற்கவில்லை என்றுதான் ஆரம்பிப்பார்கள். மூன்றாவது அல்லது நான்காவது சந்திப்பில், கொஞ்சம் கூச்சத்தோடு, பாதியில் நிற்கும் நாவலோ மூடிவைத்த வண்ணப்பெட்டியோ பேச்சில் வரும்.

அப்படி வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். சிறுகதை எழுதுகிறவர். ஒரே கதையை இரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருந்தார். ஒருநாள் லேப்டாப்பைக் கொண்டுவந்து அந்த ஃபைலைத் திறந்து காட்டினார். முதல் பத்தி இழைத்து இழைத்துப் பளபளவென்று இருந்தது. இரண்டாவதும் நன்றாகவே இருந்தது. மூன்றாவது பத்தி ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றுபோயிருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

சோம்பேறி என்று அவர் தன்னைத்தானே திட்டிக்கொண்டார். ஆனால் தினமும் உட்கார்ந்திருக்கிறார். முந்தின நாள் இரவு நடந்ததை நிமிடம் நிமிடமாகச் சொல்லச் சொன்னேன். ஒன்பது மணிக்கு ஃபைலைத் திறந்தார். முதலிலிருந்து படித்தார். ஒரு சொல்லை மாற்றினார், மறுபடி பழையபடியே ஆக்கினார். மூன்றாவது பத்திக்கு வந்ததும் நெஞ்சில் ஒரு இறுக்கம். 'இதை யார் படிப்பாங்க? நீ யார் இதையெல்லாம் எழுத?' என்று உள்ளே ஒரு குரல். எழுத்துருவை மாற்றிப் பார்த்தார். போனை எடுத்தார். ஒன்பது இருபதுக்கு மூடிவிட்டார்.

"மூடினதும் எப்படி இருந்தது?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "உண்மையைச் சொன்னா, அப்பாடான்னு இருந்துச்சு மேடம்."

படைப்பு வேலையை வருடக்கணக்கில் முடக்கிப்போடுவது இந்த 'அப்பாடா'தான். சந்தேகத்தை எல்லோரும் குறை சொல்கிறார்கள், இந்த நிம்மதி யார் கண்ணிலும் படுவதில்லை. பயமுறுத்தும் ஒன்றிலிருந்து விலகியதும் உடனே நிம்மதி கிடைத்தால், மூளை அந்த விலகலைக் கற்றுக்கொள்கிறது. அடுத்த நாள் இன்னும் சீக்கிரம் விலகச் சொல்லும். தள்ளிப்போடுவதை ஆராய்ந்த ஃபூஷியா சிரோயிஸ், திமதி பிச்சில் என்ற இரு உளவியலாளர்கள் 2013-இல் எழுதியதும் இதையொட்டியதுதான்: தள்ளிப்போடுவது நேரத்தை நிர்வகிக்கத் தெரியாததால் வருவதைவிட, அந்த நேரத்து மனக்கஷ்டத்தைச் சமாளிக்கச் செய்வதாகவே அதிகம் இருக்கிறது. அதனால்தான் புது டைரி, புது டைம்டேபிள் எதுவும் இவர்களிடம் ஒரு வாரம்கூடத் தாங்குவதில்லை.

அப்புறம் இன்னொன்றும் நடக்கிறது. மூடிவிட்டதால், 'என்னால் முடியாது' என்ற எண்ணம் சரியா தப்பா என்று பார்க்கவே வாய்ப்பில்லாமல் போகிறது. சோதித்துப் பார்க்காத சந்தேகம் அப்படியே இருக்கும், நாளாக ஆகக் கொஞ்சம் பெரிதாகவும் தெரியும். அவருடைய மூன்றாவது பத்தி இரண்டு வருடத்தில் மலையாகிவிட்டது அப்படித்தான்.

முதலில் சந்தேகம் போக வேண்டும், அப்புறம் உற்சாகம் வர வேண்டும், அதன்பின் வேலை தொடங்கும் என்று நாம் ஒரு வரிசை வைத்திருக்கிறோம். மனச்சோர்வுக்கான சிகிச்சையில் 1970-களில் பீட்டர் லெவின்சன் போன்ற உளவியலாளர்கள் இதே மாதிரி ஒரு வரிசையைத் தலைகீழாக்கினார்கள். மனசு சரியாகட்டும் என்று காத்திராமல், முதலில் சின்னச் சின்னச் செயல்களைச் செய்ய வைத்தார்கள். செயலுக்குப் பின்னால் மனநிலை மெல்ல வந்து சேர்ந்தது. படைப்பு வேலைக்கும் இது பொருந்துவதைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன்.

சந்தேகத்தை ஒழிப்பது என் வேலையில்லை. அது ஒழியும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதும் இல்லை. பாலின் க்ளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1978-இல் எழுதிய கட்டுரை இதற்கு நல்ல சாட்சி. பட்டமும் பதவியும் பாராட்டும் பெற்ற பெண்கள் பலர், தாங்கள் மற்றவர்களை ஏமாற்றிக்கொண்டிருப்பதாகவும் எப்போது வேண்டுமானாலும் பிடிபடுவோம் என்றும் நம்பியதை அவர்கள் பதிவு செய்தார்கள். சாதித்தால் சந்தேகம் போய்விடும் என்றால் அந்தப் பெண்களுக்குப் போயிருக்க வேண்டும். சொல்லப்போனால், திருத்தும் நேரத்தில் சந்தேகம் உதவியாகவே இருக்கிறது. எழுதும் நேரத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்போதுதான் சிக்கல்.

இந்தச் சமயத்தில் பலரும் செய்வது, இரண்டு பேரிடம் காட்டி 'நல்லா இருக்கு' என்று கேட்டுக்கொள்வது. என்னிடம் வந்தவர் அந்த முதல் பத்தியை ஏழெட்டுப் பேரிடம் காட்டியிருந்தார். எல்லோரும் பாராட்டினார்கள். பாராட்டு ஏற ஏற, மூன்றாவது பத்தியும் அதே தரத்தில் இருந்தாக வேண்டும் என்ற பாரமும் ஏறியது. 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பந்தூரா 1977-இல் விளக்கினார். தானே செய்து பார்த்த அனுபவம், தன்னைப் போன்றவர்கள் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்க வார்த்தை, உடலும் மனமும் அந்நேரம் இருக்கும் நிலை என்று நான்கு ஊற்றுகள். இவற்றில் வலுவானது முதலாவது. பிறர் சொல்வது அந்த அளவுக்கு நிலைத்து நிற்பதில்லை. வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் "எப்போ முடிப்ப?" என்று கேட்காதீர்கள். "சூப்பரா இருக்கு" என்பதோடு நிறுத்தவும் வேண்டாம். "இன்னைக்கு எந்த இடத்துல நிறுத்தின?" என்று கேட்டுப் பாருங்கள்.

லைக் எண்ணுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் மழலையர் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். வரைவதில் ஏற்கனவே ஆசையுள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு சும்மா விளையாடவிட்டபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் அதே சான்றிதழைப் பெற்ற குழந்தைகளிடம் அந்தக் குறைவு இல்லை. பரிசே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் வேலை முடியும் முன்பே, இதற்கு எத்தனை லைக் விழும் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தால், எதற்காக இதைத் தொட்டோமோ அந்த ஆசை பின்னால் போய்விடுகிறது. எழுதி முடிக்கும்வரை எந்தப் பகுதியையும் பதிவேற்ற வேண்டாம் என்று நான் கேட்டுக்கொள்வது இதனால்தான்.

சரி, அந்தச் சிறுகதைக்கு வருகிறேன். நின்றுபோன அந்த அரை வாக்கியத்தை மட்டும் எடுத்துப் புது ஃபைலில் ஒட்டினோம். பழையதைத் திறக்கக் கூடாது. பதினைந்து நிமிடத்துக்கு அலாரம். மூடிவிடத் தோன்றினால் இன்னும் இரண்டே நிமிடம் உட்கார வேண்டும், எழுதாவிட்டாலும் பரவாயில்லை. உள்ளே கேட்கும் குரலை அது சொல்கிறபடியே பக்கத்தில் ஒரு தாளில் குறித்துவைக்க வேண்டும். எழுதியது நன்றாக இருக்கிறதா என்று யாரும், நானும்கூட, கேட்பதில்லை. உட்கார்ந்தீர்களா, எத்தனை நாள் என்பது மட்டும்தான் கணக்கு.

முதல் வாரம் நான்கு நாள். இரண்டாவது வாரம் மூன்று. மூன்றாவது வாரம் கோபமாக வந்தார். "எழுதினது எல்லாமே குப்பை" என்று அந்தத் தாளை மேஜையில் வைத்தார். ஒரே வாக்கியம்தான் திரும்பத் திரும்ப எழுதியிருந்தது, நீ யார் இதை எழுத, நீ யார் இதை எழுத என்று. இருபது தடவைக்குக் குறையாது. குப்பை என்று அவர் சொன்ன கதைப் பக்கங்கள் அதற்குள் ஐந்தாகியிருந்தன. அதை இருவரும் சேர்ந்தே எண்ணினோம்.

ஒன்பதாவது வாரம் கதை முடிந்தது. முதல் நாள் அவருடைய சந்தேகத்துக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டபோது எட்டு என்றிருந்தார். முடித்த அன்று கேட்டேன். ஏழு என்றார். அந்த ஒரு எண் குறைந்ததைவிட, ஏழோடும் ஒரு கதையை முடிக்க முடிந்தது என்பதுதான் அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

எல்லோருக்கும் இந்த வழி பொருந்தாது, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். 'நான் எழுதுவது மோசம்' என்று தோன்றுவது வேறு. எழுதுவது, சாப்பிடுவது, நண்பர்களோடு பேசுவது எதிலுமே ஆசை இல்லாமல் போவது வேறு. இரண்டு வாரமோ அதற்கு மேலோ, அநேகமாக எல்லா நாளும், நாளின் பெரும்பகுதி மனம் கனத்துக் கிடக்கிறது, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, தான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் விடாமல் வருகிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். உயிரோடு இருந்து என்ன என்ற நினைப்பு தலைகாட்டினால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம், நம்பிக்கையான ஒருவரிடம் உடனே சொல்லிவிட்டு உதவி தேடுங்கள். அந்த நிலையில் வருகிறவரிடம் அலாரம் வைத்து உட்காருங்கள் என்று நான் சொல்வதில்லை. முதலில் மனநல மருத்துவரிடம் அனுப்புகிறேன். கதையைப் பற்றிப் பிறகுதான் பேசுகிறோம்.