ஹேலோ: ஓட்டுநரின் தலைக்கு மேல் நிற்கும் வளைவுக்குத் தமிழில் என்ன பெயர்?

சக்கரங்கள் மூடப்படாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களில், ஓட்டுநரின் தலையைச் சுற்றி ஒரு டைட்டேனியச் சட்டம் வளைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குத்தான் ஹேலோ என்று பெயர். மூன்று இடங்களில் அது காரின் உடலோடு பூட்டப்பட்டிருக்கும். முன்னால் ஓட்டுநரின் மூக்குக்கு நேராக ஓர் ஒல்லியான தூண்; பின்னால் தோள்களுக்கு இருபுறமும் ஒவ்வொரு பிடி. எடை ஏறக்குறைய 7 கிலோதான். தாங்க வேண்டிய சுமையோ சுமார் 12 டன். ஃபார்முலா 1 பந்தயங்களில் 2018 முதல் இது கட்டாயம்.

நம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரைச் சாலைகளில் 2006 முதல் 2008 வரை ஏ1 கிராண்ட் பிரி கார்கள் ஓடியபோது, ஓட்டுநர்களின் தலைகள் வெட்டவெளியில்தான் இருந்தன. 2023 பிப்ரவரியில் கேப் டவுனில் ஃபார்முலா ஈ மின்சாரக் கார்கள் ஓடியபோது ஒவ்வொரு தலைக்கு மேலும் இந்த வளைவு இருந்தது. இடையில் நடந்த மாற்றத்தை, நம்மவர்கள் மிகுதியாக வாழும் சாட்ஸ்வொர்த்திலும் லெனேசியாவிலும் ஞாயிறு மதியம் தொலைக்காட்சி முன் உட்காரும் பிள்ளைகள் நன்றாகவே அறிவார்கள். தமிழ் வகுப்பில் அதே பிள்ளைகள் அதைப் பற்றி எழுத உட்காரும்போதுதான் தடுமாற்றம். ஒருவர் ஹேலோ என்கிறார், ஒருவர் ஹாலோ என்கிறார், மூன்றாமவர் ஹலோ என்று எழுதிவிட, கார் நம்மைத் தொலைபேசியில் அழைப்பது போல் ஆகிவிடுகிறது. ஒலிக்கு நெருக்கமானது ஹேலோ; அதையே இங்கே கொள்கிறேன்.

சொல்லின் வேர் கிரேக்கம். ஹலோஸ் என்றால் அங்கே நெற்களம் போன்ற கதிரடிக்கும் களம். நடுவில் ஊன்றிய ஒரு முளை, அதைச் சுற்றிப் பிணையல் மாடுகள். அவை சுற்றிச் சுற்றி மிதித்துத் தேய்த்த வட்டத்தின் பெயர், பிறகு சூரிய சந்திரரின் வட்டத்துக்கு ஆனது. அதன்பின் அவற்றைச் சுற்றித் தோன்றும் ஒளி வளையத்துக்கு. அங்கிருந்து ஓவியங்களில் புனிதர்களின் தலையைச் சூழும் வட்டத்துக்கு. லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல்லைப் பொறியாளர்கள் கடைசியாக இரும்புப் பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஓட்டுநர் உட்காரும் குழியைச் சொல்லும் காக்பிட் என்ற சொல் சேவற்சண்டைக் களத்திலிருந்து வந்தது. ஆக, சேவற்களத்தின் மேல் நெற்களத்தைக் கவிழ்த்து வைத்ததுதான் இன்றைய பந்தயக் கார்.

தமிழில் ஹேலோவுக்கு முதலில் கைக்கு வருவது ஒளிவட்டம். இங்கே அது பொருந்தாது. ஒளியும் இல்லை, முழு வட்டமும் இல்லை. நிலவைச் சூழும் வளையத்துக்குப் பரிவேடம் என்ற சொல்லும், நிகண்டுகள் சொல்லும் ஊர்கோள் என்ற அருமையான சொல்லும் இருக்கின்றன. ‘அகல் வட்டம் பகல் மழை’ என்ற பழமொழி பேசுவது அந்த வட்டத்தைத்தான். வானியல் கட்டுரை எழுதுகிறவர்கள் ஊர்கோளை மீட்டெடுத்தால் மகிழ்வேன். பந்தயக் காருக்கு அது வேண்டாம். நண்பர் ஒருவர் திருவாசி என்றார். உற்சவமூர்த்திக்குப் பின்னால் இருபுறமும் ஊன்றி மேலே வளையும் திருவாசியின் உருவம் ஓரளவு ஒத்துப்போகிறது என்பது உண்மை. ஆனால் திருவாசி அலங்காரம்; இது அடி வாங்கும் பொருள். அதோடு, தெய்வத்துக்குரிய சொல்லைச் சூட்டினால் ஓட்டுநருக்கு ஒன்றுமே ஆகாது என்ற எண்ணம் கூடவே வந்துவிடும். ஆங்கிலப் பெயரிலேயே அந்தக் குறை இருக்கிறது.

இந்த வளைவு என்ன செய்கிறது, என்ன செய்யாது என்று பார்க்க, நம் நாட்டு மண்ணிலேயே ஒரு கசப்பான சான்று உண்டு. ஜோஹன்னஸ்பர்க்குக்கும் பிரிட்டோரியாவுக்கும் இடையில் இருக்கும் கயலாமிக்கு ஜூலு மொழியில் ‘என் வீடு’ என்று பொருள். 1977 மார்ச் 5 அன்று அங்கே நடந்த தென்னாப்பிரிக்க கிராண்ட் பிரியில், பழுதாகி ஓரம் கட்டிய ஒரு காரில் சிறு தீ. அதை அணைக்க ஃபிரெடரிக் யான்சன் ஃபான் வியூரன் என்ற 19 வயதுப் பணியாளர் தீயணைப்புக் கருவியைச் சுமந்துகொண்டு ஓடுதளத்தின் குறுக்கே ஓடினார். மேட்டைத் தாண்டி மணிக்குச் சுமார் 270 கிலோமீட்டர் வேகத்தில் வந்த ஓட்டுநர் டாம் பிரைஸின் கார் அவர்மேல் மோதியது. ஏறக்குறைய 18 கிலோ எடையுள்ள அந்தக் கருவி பிரைஸின் தலையில் அடித்தது. இருவரும் அங்கேயே இறந்தார்கள். உயிரற்ற ஓட்டுநரோடு கார் நேர்ச்சாலை முடியும்வரை ஓடி, இன்னொரு காரில் இடித்த பிறகே நின்றது.

பல ஆண்டுகள் கழித்து ஹேலோ சோதனைகளில், 20 கிலோ எடையுள்ள சக்கரத்தை மணிக்கு 225 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்து பார்த்தார்கள். கயலாமியில் பறந்த கருவியின் எடை அதற்கு வெகு அருகில். வேகம்தான் இன்னும் கூடுதல். பிரைஸை ஹேலோ காப்பாற்றியிருக்குமா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். தடுக்கவென்றே செய்யப்பட்ட வகைப் பொருள் அது என்பதைச் சொல்லலாம். ஃபான் வியூரனுக்கோ எந்த வளைவும் உதவியிருக்காது. அவரைக் காத்திருக்க வேண்டியது பந்தயத்தை நடத்திய முறை.

ஹேலோ வந்தபோது வரவேற்பு ஒன்றும் இனிமையாக இல்லை. நாம் ஸ்லாப்ஸ் என்று சொல்லும் ரப்பர் செருப்பின் வாரைக் கவிழ்த்து ஒட்டியது போல் இருக்கிறது என்று கேலி செய்தார்கள். மெர்சிடிஸ் அணியின் தலைவர் டோட்டோ வுல்ஃப், ரம்பம் கிடைத்தால் அறுத்தே எறிவேன் என்ற பொருளில் பேசினார். அந்த யோசனையை முதலில் வரைந்து கொடுத்ததே மெர்சிடிஸ்தான் என்பது கூடுதல் சுவை. ஓட்டுநர் ரோமேன் குரோஷானும் எதிர்த்தவர்களில் ஒருவர்.

அதே குரோஷானின் கார் 2020 நவம்பர் 29 அன்று பஹ்ரைனில் மணிக்கு 190 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் இரும்புத் தடுப்பில் மோதி இரண்டாகப் பிளந்தது. முன்பாதி, அவரோடு, தடுப்பின் பட்டைகளைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய்த் தீப்பிடித்தது. தலை போயிருக்க வேண்டிய இடத்தில் பட்டைகளை விலக்கியது இந்தச் சட்டம். அரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான நேரம் நெருப்புக்குள் இருந்துவிட்டு, ஒரு காலணியைக் காருக்குள்ளேயே விட்டுவிட்டு, சுட்ட கைகளோடு அவர் ஏறி வந்தார். மருத்துவமனையிலிருந்து பேசும்போது, இது இல்லாவிட்டால் இன்று பேசிக்கொண்டிருக்க மாட்டேன் என்றார். 2018இல் பெல்ஜியத்தின் ஸ்பாவில் சார்ல் லெக்லேரின் தலைக்கு மேல் அலோன்சோவின் கார் பாய்ந்து, சட்டத்தில் டயர்த் தழும்பைப் பதித்துவிட்டுப் போனது. 2021இல் இத்தாலியின் மோன்சாவில் வெர்ஸ்டாப்பனின் பின்சக்கரம் ஹாமில்டனின் தலைமேல் ஏறி உட்கார்ந்தது. ஹாமில்டன் கழுத்து வலியோடு தப்பினார். இவ்வளவுக்குப் பிறகும் பாதுகாப்பு கூடியதா என்று கேட்பது வீண் வாதம். கூடியது.

ஆனால் எல்லை உண்டு. அதைப் பெயர் மறைக்கக் கூடாது. 2009இல் ஹங்கேரியில் ஃபெலிப்பே மாசாவின் தலைக்கவசத்தைத் தாக்கியது முன்னே சென்ற காரிலிருந்து கழன்ற ஒரு சுருள்வில். அந்த அளவுப் பொருள் இந்தத் தூணுக்கும் வளைவுக்கும் இடையிலுள்ள இடைவெளியில் இன்றும் நுழைய முடியும். 2019இல் ஸ்பாவில் ஃபார்முலா 2 பந்தயத்தில் அந்துவான் ஊபேர் இறந்தபோது அவர் காரில் ஹேலோ இருந்தது. பக்கவாட்டில் வந்து மோதிய வேகத்துக்குத் தலைமேல் இருக்கும் சட்டம் பதில் ஆகாது.

ஆகவே நான் முன்வைப்பது தலைக்காப்பு. தலையில் அணிவது தலைக்கவசம், காரில் பூட்டுவது தலைக்காப்பு, குழப்பம் வராது. வடிவத்தையும் சொல்ல வேண்டிய இடத்தில் தலைக்காப்பு வளைவு என்று எழுதலாம். “மோதலில் தலைக்காப்பு வளைவு நெளிந்தது”, “தலைக்காப்பைப் பிடித்துக்கொண்டு ஓட்டுநர் இறங்கினார்” என்றெல்லாம் வாக்கியம் தடையில்லாமல் ஓடுகிறது. கட்டுரையில் முதல் முறை வரும்போது ஹேலோ எனப்படும் தலைக்காப்பு வளைவு என்று சேர்த்து எழுதிவிட்டால், தொலைக்காட்சியில் கேட்ட காதும் அடையாளம் கண்டுகொள்ளும்.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு வசதியும் உண்டு. அமெரிக்காவின் இண்டிகார் பந்தயங்களில் 2020 முதல், டைட்டேனியச் சட்டத்தோடு ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் தடுப்பையும் சேர்த்துப் பொருத்துகிறார்கள். சிறு துண்டுகளையும் அது தடுக்கும்; பதிலுக்கு உள்ளே புழுக்கம் கூடி, காற்றுக் குழாய் வைக்க வேண்டியதாயிற்று. அங்கே அதன் பெயர் ஏரோஸ்கிரீன். நாம் அதைத் திரைத் தலைக்காப்பு என்று எழுதலாம்.