பிப்ரவரியில் வட அட்லாண்டிக் போகிறவர்களுக்கு

போன மாதம் ஒரு தம்பி செய்தி அனுப்பியிருந்தான். முதல் கான்ட்ராக்ட், தாது, நிலக்கரி மாதிரிச் சரக்கை மூட்டை கட்டாமல் அப்படியே கொட்டி ஏற்றும் பல்க் கேரியர் கப்பல், ஜனவரிக் கடைசியில் கனடாவின் செட்-ஈல் துறைமுகத்தில் போய் ஏற வேண்டும். "சார், எந்த ஜாக்கெட் வாங்கலாம், சென்னையில் கிடைக்குமா?" ஜாக்கெட்டை விடு, ஏறிய அன்றே உனக்கு ஒதுக்கியிருக்கிற இமெர்ஷன் சூட்டை, அதாவது குளிர்கடலில் விழுந்தால் உடலை மூடிக் காக்கும் உடையை, எடுத்து அதன் ஜிப்பை மேலும் கீழும் நாலு தடவை இழுத்துப் பார் என்று பதில் போட்டேன். ஒரு சிரிப்புப் பொம்மை வந்தது. சரி, கொஞ்சம் விவரமாகவே எழுதிவிடுவோம் என்று தோன்றியது.

நம் ஆட்களுக்குப் புயல் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. கடலூரிலோ தூத்துக்குடியிலோ வளர்ந்தவனுக்குத் துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று கேட்டாலே நிலைமை புரிந்துவிடும். சிக்கலே அங்குதான் இருக்கிறது. நாம் கற்ற புயல், பாரோமீட்டர் விழுந்தால் பயம், ஏறினால் நிம்மதி என்று நம்மைப் பழக்கியிருக்கிறது. கரையைக் கடந்துவிட்டது என்றதும் மூச்சு விடுகிறோம். வட அட்லாண்டிக்கின் மேற்குப் பக்கத்தில், குளிர்காலத்தில், அந்தப் பழக்கம் ஆளைக் கொன்றுவிடும்.

வங்கக்கடல் புயல் கடலின் சூட்டைத் தின்று வளர்வது. அங்கே வருவது வேறு சாதி. கனடாப் பக்கத்து உறைகுளிர்க் காற்றும் கல்ஃப் ஸ்ட்ரீம் என்ற சூடான நீரோட்டத்தின் மேல் இருக்கும் வெதுவெதுப்பான காற்றும் உரசிக்கொள்ளும் இடத்தில் பிறந்து, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் விரிந்து, ஒன்று போன இரண்டாம் நாளே அடுத்தது வந்து நிற்கும். சில சமயம் ஒரே நாளில் 24 மில்லிபாருக்கு மேல் அழுத்தம் விழும். வானிலைக்காரர்கள் அதற்கு வைத்த பெயரே 'பாம்', வெடிகுண்டு. மையம் உங்களைத் தாண்டிப் போனதும் மழை நிற்கும், வானம் வெளுக்கும், பாரோமீட்டர் சரசரவென்று ஏறும். அப்போதுதான் வடமேற்கிலிருந்து உறைகாற்று இறங்கும். மார்கழி வாடைக்குத் தலையில் துண்டைச் சுற்றிக்கொள்கிற நமக்கு, பளீரென்று வெயில் அடிக்கும்போது பத்துப் பதினைந்து டிகிரி மைனஸில் நாற்பது நாட் (மணிக்கு ஏறக்குறைய 74 கிலோமீட்டர்) காற்று வீசும் என்பதே மண்டையில் ஏறாது.

கடல்நீர் ஏறக்குறைய மைனஸ் 1.8 டிகிரியில்தான் உறையும். அதைவிடக் குளிர்ந்த காற்றில் முன்பக்கம் தெறிக்கும் சாரல், இரும்பில் பட்ட இடத்திலேயே பனிக்கட்டியாக ஒட்டிக்கொள்கிறது. அமெரிக்க வானிலை அறிவிப்பில் கடும் உறைசாரல் எச்சரிக்கை வந்தால் மணிக்கு 2 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் படியும் என்று அர்த்தம். ஒரு இரவு பன்னிரண்டு மணி நேரம் என்று வையுங்கள், அரை முழம்.

நான் தேர்ட் மேட்டாக, அதாவது இளநிலை டெக் அதிகாரியாக, இருந்தபோது அதே செட்-ஈலில் இரும்புத்தாது ஏற்றிக்கொண்டு கேபட் ஜலசந்தி வழியாக அட்லாண்டிக்குக்குள் வந்தோம். விடிந்து பார்த்தால் முன்தளத்தில் நங்கூரம் தூக்கும் விண்ட்லாஸ் எது, கயிறு கட்டும் பொல்லார்ட் எது என்று தெரியவில்லை, எல்லாம் வெள்ளைப் புற்று. தீயணைப்புக் குழாய்கள் தேர்ட் மேட்டின் பொறுப்பு. கிளம்புவதற்கு முன் டெக் முழுக்க வடித்துவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டவன் நான். முன்தள ஸ்டோருக்குள் ஒரு தாழ்ந்த வளைவில் நின்ற தண்ணீரை மறந்திருக்கிறேன். அது உறைந்து, பெருத்து, வால்வைப் பிளந்துவிட்டது. உருகின பிறகுதான் தெரிந்தது. அன்றிரவு முன்னால் தீப்பிடித்திருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் போயிருக்காது. கேப்டன் திட்டவில்லை, அந்த உடைந்த வால்வை என் மேசை மேல் வைத்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து குழாயை மட்டும் பார்ப்பதில்லை. கப்பலின் சமநிலைக்குத் தண்ணீர் நிரப்பும் பாலாஸ்ட் டேங்க் காற்றுக்குழாய்களின் தலை உறைந்து அடைத்துக்கொண்டிருக்கும்போது பம்பை ஓட்டினால் டேங்க் சப்பிப்போகும், இல்லை உப்பும். லைஃப்போட் எஞ்சினில் ஆன்டிஃப்ரீஸ் (உறையாமல் காக்கும் திரவம்) இருக்கிறதா, உள்ளே இருக்கும் குடிநீர் உறைந்து பை கிழிந்திருக்கிறதா, ராடார் ஸ்கேனர் சுற்றிக்கொண்டே இருக்கிறதா என்றெல்லாம் பார்க்க வேண்டும். பனியை உடைக்க மரச்சுத்தி. இரும்புச் சுத்தியால் அடித்து நீங்களே எதையாவது உடைத்து வைக்காதீர்கள்.

தாது ஏற்றிய பெரிய கப்பலைப் பனி கவிழ்த்துவிடாது. கீழே கனம் அதிகம், வெடுக்வெடுக்கென்று ஆடி எலும்பைத்தான் எண்ணும். சின்னக் கப்பல், மீன்பிடிப் படகு கதை வேறு. மேலே பனி ஏற ஏற ஆட்டம் மெதுவாகும், தொட்டில் மாதிரி சொகுசாகிவிடும், ஒரு பக்கம் சாய்ந்தால் அங்கேயே கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நிமிரும். காற்று ஓய்கிறது போல என்று நினைக்கிற அந்த நேரத்தில்தான் படகு போகப் பார்க்கிறது. 1968-இல் இங்கிலாந்தின் ஹல் துறைமுகம் சில வாரங்களுக்குள் மூன்று ட்ராலர் மீன்பிடிக் கப்பல்களையும் 58 பேரையும் இழந்தது. மூன்றாவதான ராஸ் கிளீவ்லாந்து, ஐஸ்லாந்தின் ஒரு ஃபியோர்டுக்குள் (மலைகளுக்கு நடுவே உள்ளே நீளும் கடல்), ஒதுங்கப் போன இடத்திலேயே பனிச்சுமையோடு பிப்ரவரி 4 அன்று கவிழ்ந்தது. பிழைத்தவர் ஒருவர். வேகத்தைக் குறை, முடிந்தால் காற்றைப் பின்னால் வாங்கு, வெதுவெதுப்பான நீர் பக்கம் திருப்பு. சாரல் குறைந்தால் பனி குறையும். அரை நாள் தாமதம் என்று ஆபீசிலிருந்து போன் வந்தால் வரட்டும்.

பிப்ரவரி என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1952 பிப்ரவரி 18 அன்று அமெரிக்காவின் கேப் காட் அருகே பெண்டில்டன், ஃபோர்ட் மெர்சர் என்ற இரண்டு டேங்கர்கள் ஒரே புயலில் ஆளுக்கு இரண்டாக உடைந்தன. 1982 பிப்ரவரி 15 அன்று நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் ஓஷன் ரேஞ்சர் எண்ணெய்த் துரப்பண மேடை மூழ்கி 84 பேரும் இறந்தார்கள். அதில் தொடக்கம் என்னவோ ஒரு ஜன்னல் கண்ணாடிதான். அலை அதை உடைத்தது, பாலாஸ்ட் கட்டுப்பாட்டுப் பலகைக்குள் உப்புத்தண்ணீர் போனது. அடுத்த ஆண்டு, 1983 பிப்ரவரி 12, வர்ஜீனியாவுக்கு அப்பால் மரீன் எலக்ட்ரிக். நிலக்கரி ஏற்றிய பழைய கப்பல், சரக்கறைகளை மூடும் ஹேட்ச் கவர்கள் அரித்துப் போயிருந்தன. 34 பேரில் 31 பேர் போய்விட்டார்கள்.

இந்த மூன்றாவதை மட்டும் ஒவ்வொரு கேடட்டுக்கும் நான் உட்கார வைத்துச் சொல்கிறேன். ஏனென்றால் மரீன் எலக்ட்ரிக் ஆட்களில் பலர் லைஃப்ஜாக்கெட் போட்டிருந்தார்கள். மிதந்தார்கள். ஹெலிகாப்டரும் வந்தது, கூடையையும் இறக்கினார்கள். கை மரத்துப்போய், கூடைக்குள் ஏறத்தான் முடியவில்லை. கடல் ஏறக்குறைய 4 டிகிரி. அந்தக் காலையைப் பார்த்த பிறகுதான் அமெரிக்கக் கடலோரக் காவல் படை மீட்பு நீச்சல்காரர்கள் என்று ஒரு தனிப் பிரிவையே உருவாக்கியது, குளிர்க்கடலில் ஓடும் அந்நாட்டுக் கப்பல்களில் இமெர்ஷன் சூட் கட்டாயமானது.

குளிர்நீரில் ஒன்று, பத்து, ஒன்று என்று ஒரு கணக்கு உண்டு. முதல் ஒரு நிமிடம் மூச்சு உங்கள் பேச்சைக் கேட்காது, வாயைத் திறந்தால் தண்ணீர்தான், அதை அடக்குவது மட்டுமே வேலை. அடுத்த பத்து நிமிடம் கைகால் சொன்னதைக் கேட்கும், செய்ய வேண்டியதை அதற்குள் செய்துவிட வேண்டும். நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும், அதுவும் மிதக்க ஏதாவது இருந்தால். நீச்சல் நன்றாகத் தெரியும் என்பவர்கள் அந்த நடுப் பத்து நிமிடத்தை மறந்துவிடுகிறார்கள். தூக்கி எடுக்கும்போதும் முடிந்தால் படுத்த வாக்கில் எடுங்கள். நிமிர்த்தித் தூக்கினால் இரத்த அழுத்தம் சட்டென்று விழுந்து, கைக்கு வந்தவர் டெக்கில் போய்விடலாம்.

ஆகவே ஜிப். வெப்பக்காப்புள்ள சூட்டைத் துணையில்லாமல் 2 நிமிடத்துக்குள் போட முடிய வேண்டும், ஏறக்குறைய உறையும் நீரில் 6 மணி நேரம் கிடந்தாலும் உடல் சூடு 2 டிகிரிக்கு மேல் குறையக்கூடாது என்பது விதி. ஜிப் துருப்பிடித்துப் பாதியில் நின்றால் அது வெறும் ஆரஞ்சு நிறக் கோணி. மெழுகு தடவி வையுங்கள். கேபினுக்குள் விளக்கை அணைத்துவிட்டு ஒரு முறை போட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள், பரவாயில்லை.

கரையில் இருப்பவர்களுக்கும் இதே கதைதான். நம் ஊர்ப் புயல் சில மணி நேரத்தில் கடந்து போகும். அங்கே 1978 பிப்ரவரிப் புயல் மாசசூசெட்ஸ் கரையை விட்டு நகராமல் நின்று, அடுத்தடுத்த ஏற்ற ஓதங்கள் எல்லாவற்றிலும் கடலை ஊருக்குள் தள்ளியது. அன்று பாஸ்டனில் பதிவான நீர்மட்டத்தை 2018 ஜனவரி 4-தான் முறியடித்தது. ஓதம் வடிந்துவிட்டதே என்று கீழ்த்தளத்துக்கு இறங்கிக் காரை எடுக்கப் போகாதீர்கள், முந்தைய ஏற்றத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டரை மணி நேரத்தில் அடுத்த ஏற்றம் திரும்பி வரும்.

அப்புறம் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் படிக்கும் பிள்ளைகளுக்கு. பெகீஸ் கோவ் கலங்கரை விளக்கத்துக்குப் போகாமல் யாரும் இருப்பதில்லை, அதுவும் புயலுக்கு மறுநாள், வெயிலடிக்கும்போது. காற்று நின்றாலும் தூரத்துப் புயல் கிளப்பிவிட்ட அலைகள் வந்துகொண்டே இருக்கும், பத்து அலை சாதாரணமாக வந்துவிட்டுப் பதினோராவது பாறை மேல் ஏறும். கறுத்த பாறையில் கால் வைக்காதே என்று அங்கே பலகையே இருக்கிறது. கறுப்பு என்றால் ஈரம், அலை அதுவரை வந்து போயிருக்கிறது. யாராவது விழுந்தால் பின்னால் குதிக்காதீர்கள், மிதவை வளையமோ மிதக்கிற எதுவோ வீசுங்கள், 911 அழையுங்கள், கண்ணை அவர் மேலிருந்து எடுக்காதீர்கள்.

தம்பி, ஜாக்கெட்டைப் பெரும்பாலும் கம்பெனியே கொடுத்துவிடும். கையுறை மட்டும் மூன்று ஜோடி வாங்கிக்கொள். ஒன்று எப்போதும் நனைந்திருக்கும், ஒன்றை போசன் (டெக் மாலுமிகளின் தலைவர்) கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார்.